அண்ணன் தம்பிக்கு நடுவே சுற்றிய மெயிலும் குளுவாங் மணவறையும்

குளுவாங்கில் ஒரு கல்யாணப் பெண் உட்கார வேண்டிய மணவறை சோஃபாவில் ஒரு வெள்ளைப் பூனை படுத்திருந்தது. ஒன்பதரைக்கு முகூர்த்தம். பெண்ணும் மாப்பிள்ளையும் வேறோர் ஊரில் மணவறைக்காகக் காத்திருந்தார்கள். நானும் லோரி டிரைவர் செல்வமும் பூனைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் இப்போது ஆபீஸ் வேலைக்குப் போகிறீர்கள். உங்கள் அப்பா படிவம் மூன்றோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவன். தம்போயில் மணவறையும் கெனோபிப் பந்தலும் வாடகைக்கு விடும் கடையில் ஸ்டோர் பார்க்கிறவன். கம்ப்யூட்டர் விஷயத்தில் உங்களுக்குச் சொல்லித்தர எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பூனை அங்கே வந்து படுத்ததற்குக் காரணம், கடைக்கு மெயில்பாக்ஸ் வாங்குவதா, ஃபார்வர்டிங் போதுமா என்ற ஒரே ஒரு கேள்விதான். அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

பெட்டியை யார் திறப்பது

எங்கள் கடை முதலாளிகள் இரண்டு பேர். பெரியவர் துரைசாமி, சின்னவர் பழனி. கூடப்பிறந்த அண்ணன் தம்பி. இவர்களுடைய சித்தப்பாமார் இருவர் ஒன்றாகத் தொழில் செய்து, சண்டை போட்டு, ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு கடை போட்டு உட்கார்ந்தவர்கள். சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை. அதைப் பார்த்து வளர்ந்ததால் இவர்கள் இருவரும் ஒரு முடிவோடு இருந்தார்கள். என்ன ஆனாலும் விட்டுக்கொடுத்துப் போவது.

விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தான். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்தால் வேலை நடக்காது. புது லோரிக்கு என்ன கலர் என்று கேட்டபோது பெரியவர் "தம்பிக்குப் புடிச்சது" என்றார். சின்னவர் "அண்ணனுக்குப் புடிச்சது" என்றார். பெயிண்டர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன்னிடம் மீந்திருந்த ரோஸ் கலரை அடித்து அனுப்பிவிட்டார். இன்றைக்கும் ஜொகூரில் ரோஸ் கலர் லோரியில் கெனோபி போகிறதென்றால் அது எங்களுடையதுதான்.

கடைக்கு வெப்சைட் எடுத்தபோது, அதை நடத்தும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். நல்ல தமிழ்ப் பெண். முதலாளிகள் இருவரும் வெளியே போயிருந்ததால் நான் எடுத்தேன். கடை பெயரில் மெயில் முகவரி வரும், அதற்கு மெயில்பாக்ஸ் வேண்டுமா, ஃபார்வர்டிங் போதுமா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை என்றேன். பொறுமையாக விளக்கினார்.

மெயில்பாக்ஸ் என்றால் கடைக்கென்று சொந்தமாக ஒரு பெட்டி. வருகிற மெயில் எல்லாம் அதில் விழுந்து கிடக்கும். பாஸ்வர்ட் வைத்திருப்பவர் திறந்து படிக்க வேண்டும். ஃபார்வர்டிங்கில் பெட்டியே கிடையாது. கடை வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, வருகிற கடிதத்தையெல்லாம் வாங்கி இன்ன வீட்டில் கொண்டுபோய்ப் போடு என்று சொல்லி வைப்பது போல. அந்த ஆள் தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ள மாட்டான்.

சாயங்காலம் முதலாளிகளிடம் சொன்னேன். பெட்டி என்றதும் பெரியவர் முகம் சுருங்கிவிட்டது.

"பெட்டின்னா ஒருத்தன் தொறக்கணும்ல, மணியம். தம்பி இருக்கறப்ப நான் போய்த் தொறந்தா, அவன் என்ன நெனப்பான்?"

சின்னவர் பக்கத்திலேயே இருந்தார். "அண்ணன் இருக்கறப்ப நான் தொறந்தா மட்டும் நல்லாவா இருக்கும்?" என்றார்.

ஆகவே பெட்டி வேண்டாம், ஃபார்வர்டிங் என்று முடிவானது. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். கடைக்கு ஒரு முகவரி, பெரியவருக்கு ஒன்று, சின்னவருக்கு ஒன்று என்று மூன்று போட்டுக்கொடுத்தார் அந்தப் பெண். கடைக்கு வருவது பெரியவர் முகவரிக்குப் போகும். பெரியவர் முகவரிக்கு வருவது அவருடைய கைபேசிக்குப் போகும். சின்னவருடையது அவருடைய கைபேசிக்குப் போகும். சில நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

மெயில் வராத காலம்

பிறகு மெயில் வருவது நின்றுவிட்டது.

நின்றதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. போனிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் வந்துகொண்டுதான் இருந்தது. மெயிலில் வருவது கொஞ்சம் பேர்தான். பெரியவரைக் கேட்டால், "தம்பி பாத்துக்கறான்" என்று பெருமையாகச் சொன்னார். சின்னவரைக் கேட்டால், "அண்ணனே பாத்துக்கறாரு, எனக்குத் தொந்தரவு குடுக்கறதில்ல" என்று அதைவிடப் பெருமையாகச் சொன்னார். நானும் யாரோ ஒருவர் பார்க்கிறார் என்று ஸ்டோர் வேலையைப் பார்த்தேன்.

ஒருநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து, மெயில் போட்டேன், பதிலே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் பெரியவருக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் தம்பி மேல் வரவில்லை, கம்ப்யூட்டர் மேல் வந்தது. வீட்டு வாஸ்து பார்க்கும் ஒருவரை அழைத்து வந்தார். அவர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் தெற்கே பார்த்து இருக்கிறது, கிழக்கே திருப்புங்கள், சேதி வரும் என்றார். மேசையைத் திருப்பியதில் வயர் எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் வாங்கி வந்து போட்டோம். மெயில் வரவில்லை. வருகிறவர்கள் காலில் வயர் தடுக்கியதுதான் மிச்சம்.

எழுத்தில் இருக்க வேண்டும்

கனகசபை ஐயா எங்கள் கடைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். குளுவாங்காரர். சிலோன் தமிழர். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் மைதிலிக்குக் கல்யாணம். மகளையும் கூட்டிக்கொண்டு வந்து ஸ்டோரில் இருந்த எல்லா மணவறையையும் பார்த்தார். அந்தப் பெண் எங்கள் மயில் செட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். பின்னால் பேக்டிராப்பில் இரண்டு மயில், நான்கு பில்லர், மேலே தங்கக் கலரில் குடை, சிவப்பு மெத்தை போட்ட இரட்டை சோஃபா. "அப்பா, இதுதான்" என்றாள். சின்ன வயதில் யாருடைய கல்யாணத்திலோ இப்படி ஒரு மணவறையைப் பார்த்தாளாம். அப்போதே தன் கல்யாணத்துக்கு இதுதான் என்று அம்மாவிடம் சொல்லி வைத்தாளாம். அம்மா இப்போது இல்லை. ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

குளுவாங் டேவானில், அதாவது அந்த ஊர்ப் பொது மண்டபத்தில், கல்யாணம் என்று குறித்துக்கொண்டோம். போகும்போது ஐயா எங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டார். போன் செய்யக் கூடாது. கல்யாண வீட்டில் போனை யார் எடுப்பார், என்ன சொல்வார் என்று தெரியாது. என்ன மாற்றம் இருந்தாலும் தானே மெயிலில் எழுதுவதாகச் சொன்னார். பெரியவருக்கு இது பிடித்துப்போயிற்று. தம்பியிடம் மெயில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தார். சின்னவர் அண்ணனைப் பற்றி அதே மாதிரி நினைத்தார்.

டேவானில் பூனைகள்

கல்யாணத்தன்று விடியற்காலையில் நானும் செல்வமும், சாமான் தூக்க இரண்டு வங்காளதேசத் தொழிலாளர்களுமாக ரோஸ் லோரியில் கிளம்பினோம். வழியில் சிம்பாங் ரெங்கத்தில் இறங்கிக் காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கினோம். சாப்பாட்டுக் கடைக்கு எதிரே ஒரு மண்டபத்தின் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். "இன்னைக்கு நல்ல முகூர்த்தம் போல, அங்கயும் கல்யாணம்" என்று செல்வம் சொன்னார். மரம் கட்டியவர்கள் எங்கள் லோரியைப் பார்த்துக் கையாட்டினார்கள். நாங்களும் கையாட்டிவிட்டுப் போனோம்.

குளுவாங் டேவானில் காவல்காரர் கதவைத் திறந்து, லோரியில் இருந்த மயிலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, "மாசோக், மாசோக்" என்று கையைக் காட்டினார். உள்ளே வரச் சொல்லிவிட்டார், பிறகு நமக்கென்ன. மேடையில் பேக்டிராப்பை நிறுத்தினோம். பில்லர் ஏற்றினோம். குடை கட்டினோம். சோஃபாவை நடுவில் போட்டு மெத்தையைத் தட்டிவிட்டோம். விளக்கைப் போட்டதும் மயில் இரண்டும் தகதகவென்று நின்றன. அந்தப் பெண் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

முதலில் வந்தது ஒரு மலாய்க்காரக் குடும்பம். கையில் கூண்டு, கூண்டில் பூனை. கல்யாண வீட்டாருக்குப் பழக்கமானவர்கள் போலிருக்கிறது, வீட்டில் பூனையைத் தனியாக விட மனம் வரவில்லை போல என்று நினைத்தேன். அடுத்து வந்தவர்களிடமும் பூனை. அதற்கடுத்தவரிடம் இரண்டு பூனை. செல்வம் என் காதருகே வந்தார்.

"மணியண்ணே, மாப்ள வீட்டுல இது ஏதும் மொறையா?"

அந்த நேரத்தில் மேடைக்கு ஓர் அம்மாள் ஏறி வந்தார். புவான் ரொகாயா. அன்றைக்கு அங்கே நடக்க இருந்த பூனைப் போட்டியை நடத்துகிறவர். மணவறையைப் பார்த்ததும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கமிட்டியில் யாரோ தனக்குத் தெரியாமல் இவ்வளவு அழகான மேடை ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் போன வருடம் ஜெயித்த வெள்ளைப் பூனையைக் கொண்டுவந்து சோஃபாவில் வைத்துவிட்டார். அதன் பெயர் சல்ஜி. சல்ஜி மெத்தையை இரண்டு தடவை பிறாண்டிப் பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு படுத்துவிட்டது. பத்துப் பேர் போட்டோ எடுத்தார்கள்.

நான் வெளியே ஓடிப்போய், போன் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை மீறி, கனகசபை ஐயாவுக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"தம்பி, எங்க நிக்கிறியள்? ஐயர் வந்திட்டார், மணவறையைக் காணேல்ல."

குளுவாங் டேவானில் நிற்கிறோம் என்றேன். 

"குளுவாங்கிலயோ? அங்க ஏன் போனனீங்கள்? அந்த டேவானைப் பூனைப் போட்டிக்குக் குடுத்திட்டினம். கல்யாணம் சிம்பாங் ரெங்கத்தில எண்டு நான் எழுத்தில தந்தனான். நீங்களும் பதில் அனுப்பினீங்கள்."

வாழைமரம் கட்டிய அந்த மண்டபம் ஞாபகம் வந்தது. அவர்கள் கையாட்டியது சும்மா இல்லை. எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

யாரைக் கேட்பது

முழு செட்டையும் கழற்றி, ஏற்றி, அங்கே போய் மறுபடி நிறுத்த நேரம் போதாது. அப்படியே கழற்றினாலும் புவான் ரொகாயா விடமாட்டார் போலிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு வருத்தம்தான். ஆனால் திறப்பு விழாவுக்கு வரும் பிரமுகருக்குப் போட்டோ எல்லாம் அனுப்பியாகிவிட்டது, மேடை இப்போது இல்லையென்றால் தன் மானம் போய்விடும் என்றார். மேலும் சல்ஜி புது இடத்தில் படபடப்பாக இருக்கும் பூனையாம். இப்போதுதான் அமைதியாகியிருக்கிறது, எழுப்பினால் நடுவர் முன்னால் உட்காராதாம்.

எந்தச் சாமானை விடுவது, எதை எடுப்பது என்பது முதலாளி சொல்ல வேண்டியது. பெரியவருக்குப் போன் செய்தேன். பதறிப்போய்க் கேட்டுக்கொண்டார். பிறகு, "தம்பிகிட்ட ஒரு வார்த்த கேளு, அவனுக்குத் தெரியாம நான் எப்படிச் சொல்றது" என்றார். சின்னவருக்குச் செய்தேன். அவர் வேறொரு கல்யாணத்துக்காக செனாயில் இருந்தார். அவரும் பதறினார். பிறகு, "அண்ணன் என்ன சொன்னாரு?" என்றார். உங்களைக் கேட்கச் சொன்னார் என்றேன். "என்னையவா? அவரு பெரிய மனசு. நீ அவருகிட்டயே கேளு" என்றார். மறுபடி பெரியவர். மறுபடி சின்னவர்.

செல்வம் லோரிக் கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சுத்திக்கிட்டே இருங்கண்ணே. அங்க அந்தப் புள்ள தரையில உக்காந்து தாலி கட்டிக்கும்."

அப்போது என் போன் அடித்தது. ஐயா நம்பர். பேசியது கல்யாணப் பெண். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

"அங்கிள், ஃபுல் செட் வேணாம். சோஃபாவும் குடையும் மட்டும் எடுத்துட்டு வாங்க. பின்னாடி நாங்க சேலை கட்டிக்கறோம். வந்துருவீங்கதானே?"

வந்துவிடுவோம் என்றேன். அன்று காலையிலிருந்து, இதைச் செய் என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

புவான் ரொகாயாவிடம் போய், மயிலும் பில்லரும் மத்தியானம் வரை உங்களுக்கு, சோஃபாவும் குடையும் எங்களுக்கு, ஒரு பெண் காத்திருக்கிறாள் என்றேன். மணப்பெண் என்றதும் அவர் இளகிவிட்டார். தனக்கும் மகள் இருக்கிறாள் என்றார். ஆனால் சல்ஜி எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவரே சிவப்பு மெத்தையோடு பூனையை அப்படியே அலுங்காமல் தூக்கி, கமிட்டித் தலைவர் நாற்காலியில் வைத்தார். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. மெத்தை போனால் போகட்டும் என்று வெறும் சோஃபாவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

சிம்பாங் ரெங்கம்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐயர் மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் சித்திமார் பின்பக்கம் சேலைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். வாசலில் இருந்த வாழைமரங்களை யாரோ பெயர்த்து வந்து பில்லருக்குப் பதிலாக நான்கு மூலையிலும் நிறுத்தியிருந்தார்கள். சோஃபாவைப் போட்டு, மெத்தை இல்லாத இடத்தில் மடித்த ஜமுக்காளத்தைப் போட்டோம். குடையை வாழைமரத்தில் கட்ட முடியவில்லை. செல்வமும் ஒரு வங்காளதேசத் தம்பியும் இரண்டு பக்கமும் நின்று முகூர்த்தம் முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் செல்வம் இருக்கிறார்.

ஒரே ஒரு சங்கடம். சோஃபா முதுகிலும் கைப்பிடியிலும் வெள்ளை முடி ஒட்டியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பூனை முடி ஆகாதாம். உட்கார்ந்ததிலிருந்து தும்மல். கெட்டி மேளம் என்றதும் மேளக்காரர் தும்மலுக்கும் சேர்த்து அடித்தார். மூன்று முடிச்சுக்கும் நடுவில் இரண்டு தும்மல். ஓமப் புகைதான் காரணம் என்று ஐயா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன். மைதிலி மட்டும் கைப்பிடியில் இருந்த ஒரு முடியை எடுத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று சபையில் சொன்னார்கள்.

விளங்காத பதில்

சாப்பாடு முடிந்ததும் ஐயா என்னைத் தனியே கூப்பிட்டார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. மெயிலுக்கு என்ன பதில் வந்தது என்று கேட்டேன். கைபேசியில் எடுத்துக் காட்டினார். தலை முதல் கால் வரை இங்கிலீஷும் நம்பரும் புள்ளியும் கோடுமாக இருந்தது. இதை எப்படிப் பதில் என்று எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"தம்பி, நான் ஆயுள் முழுக்க அரசாங்கத்தில இருந்தனான். ஒரு கடிதத்துக்கு இவ்வளவு நீளமா, ஒண்டும் விளங்காமப் பதில் வந்தா, விஷயம் பதிஞ்சிட்டுது எண்டுதான் அர்த்தம்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். தன் மகள் இந்த ஒன்றைத்தான் கேட்டாள், தாய் இல்லாத பிள்ளை, அதைக்கூட முழுதாகக் கொடுக்க முடியவில்லை என்றார். "எனக்குக் காசு வேண்டாம். விளக்கம் வேணும். எழுத்தில வேணும். ஆர் பொறுப்பு எண்டு கீழ ஒரு பெயர் இருக்கோணும். ரெண்டு பெயர் இல்ல. ஒரு பெயர்." அது வராவிட்டால் தன் ஆட்கள் ஒருவரும் எங்கள் கடைப் பக்கம் வரமாட்டார்கள் என்றார். சொன்னால் செய்கிற மனிதர்.

மறுநாள் வெப்சைட் கம்பெனிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவர் சிஸ்டத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அங்கிள், உங்க பெரிய பாஸ் ஒருநாள் போன் பண்ணி, எனக்கு வர்ற மெயில் எல்லாம் தம்பி அட்ரஸுக்குப் போகட்டும்னு மாத்திருக்காரு. சின்ன பாஸ் அதே வாரம் போன் பண்ணி, எனக்கு வர்றது எல்லாம் அண்ணன் அட்ரஸுக்குப் போகட்டும்னு மாத்திருக்காரு. போனை வேற வேற ஸ்டாஃப் எடுத்திருக்காங்க, யாரும் கவனிக்கல."

அப்படியென்றால் மெயில் எங்கே போகும் என்று கேட்டேன்.

"எங்கயும் போகாது. அண்ணன்கிட்டருந்து தம்பிக்கு, தம்பிகிட்டருந்து அண்ணனுக்கு, சுத்திக்கிட்டே இருக்கும். ரொம்ப சுத்தினா சிஸ்டம் புடிச்சு, அனுப்புனவங்களுக்கே திருப்பி விட்டுடும், ஏன் திருப்பினோம்னு ஒரு நோட்டீஸோட. அதைத்தான் அந்த அங்கிள் பதில்னு நெனச்சிருக்காரு."

முதலாளிகள் இருவரையும் உட்கார வைத்து இதைச் சொன்னேன். குற்றம் சொல்லிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். பெரியவர் தம்பியைப் பார்த்தார். சின்னவர் அண்ணனைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா மாத்தின?" என்று பெரியவர் கேட்டார். "நீங்களும்தானே அண்ணே" என்று சின்னவர் சொன்னார். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.  அலமாக், இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று வெளியே வந்து நின்றுகொண்டேன்.

முதல் சண்டை

ஃபார்வர்டிங்கை எடுத்துவிட்டு மெயில்பாக்ஸ் ஒன்று வாங்கினோம். யார் பொறுப்பில் என்று அந்தப் பெண் கேட்டதும் மறுபடியும் பழைய கதை தொடங்கியது. கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெட்டியின் பெயரைப் பெரியவர் டைப் செய்வது, பாஸ்வர்டைச் சின்னவர் டைப் செய்வது. தம்பி பாஸ்வர்ட் போடும்போது பெரியவர் மரியாதையாகச் சுவரைப் பார்த்து உட்காருவார். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. உலகத்தில் எந்தக் கம்பெனியிலும் இப்படி இருக்காது. ஆனால் பெட்டி என்று ஒன்று இருந்தது. மெயில் வந்து அதில் விழுந்து, எடுத்துப் படிக்கும்வரை அங்கேயே கிடந்தது.

முதல் வேலை, கனகசபை ஐயாவுக்கு விளக்கம் எழுதுவது. நான் சொல்லச் சொல்ல சின்னவர் டைப் செய்தார். நடந்தது முழுவதையும் எழுதினோம். கடைசி வரிக்கு வந்ததும் சின்னவர் என்னைக் கேட்காமலே, இதற்கு நான்தான் பொறுப்பு என்று போட்டுத் தன் பெயரை அடித்தார்.

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "அதை அழி" என்றார்.

"ஏண்ணே?"

"மொதல்ல போன் பண்ணி மாத்துனது நான். என் பேரப் போடு."

"நானும்தானே மாத்துனேன். உங்க பேரு எதுக்குக் கெடணும்? போட மாட்டேன்."

"பழனி, அழிடா."

"மாட்டேண்ணே."

ஸ்டோரில் இருந்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். இத்தனை வருடத்தில் இந்தக் கடையில் முதலாளிகள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. செல்வம் என்னைப் பார்த்தார். நான் தலையிட வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஒரு விஷயம் இவர்கள் இருவருக்கும் நடுவில் ஓடாமல் ஓரிடத்தில் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

பெரியவர் எழுந்தார். "நான் மூத்தவன்டா" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. தம்பி பக்கம் இருந்த கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒற்றை விரலால் பழனி என்பதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். துரைசாமி என்று ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். யாரையும் கேட்காமல் அனுப்பிவிட்டார்.

சின்னவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை பெட்டியைத் திறக்க வேண்டுமே, அதனால் வந்தார். பேசாமல் பாஸ்வர்டைப் போட்டார். ஐயாவின் பதில் வந்திருந்தது. நம்பரும் இல்லை, கோடும் இல்லை. இரண்டே வார்த்தை. "கிடைத்தது. விளங்கியது."

பெரியவர் அதை வாய்விட்டுப் படித்தார். சின்னவர் எட்டிப் பார்த்தார். பிறகு, "நல்லா எழுதியிருந்தோம்ல அண்ணே" என்றார்.

பிள்ளைகளே, மெயில்பாக்ஸா ஃபார்வர்டிங்கா என்று என்னை இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். ஒரே ஆள் நடத்தும் கடை, அந்த ஆள் தினமும் தன் மெயிலைப் பார்ப்பவர் என்றால் ஃபார்வர்டிங் போதும். இரண்டு பேர் இருந்து, இரண்டு பேரும் நல்லவர்களாகவும் இருந்துவிட்டால், கட்டாயம் பெட்டி வாங்குங்கள். ஆபீசில் நீங்கள் ஒரு வேலையை மரியாதைக்காக அடுத்தவருக்குத் தள்ளும்போது, அவரும் அதே மரியாதையில் அதை வேறு பக்கம் தள்ளிக்கொண்டிருக்கலாம். ஆகவே எங்கே அனுப்பினேன் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கே போய் நின்றது என்று கேளுங்கள். அது எங்கேயும் நிற்கவில்லை என்று தெரிந்தால், கீபோர்டை உங்கள் பக்கம் இழுத்து, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறைந்துவிடாது.